இறால் வலையில் சிக்கிய படகு

பழவேற்காடு ஏரித் தீவுகளையும் பறவைகளையும் சுற்றிக் காட்டும் படகில், தடாப் பக்கமிருந்து நானும் என் மனைவியும் ஏறியிருந்தோம். பூநாரைகளை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாமே என்று கேட்டது நான்தான். நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய வாய், எங்கே போனாலும் சும்மா இருக்காது. வழக்கமான வழியை விட்டால் வலைகள் இருக்கும் என்று படகுக்காரர் தயங்கினார். நான் விடவில்லை. வந்தவர்கள் மனம் கோணக்கூடாதென்று அவரும் திருப்பினார்.

மோட்டார் முக்கி நின்றது. அதன் விசிறியில் யாரோ கட்டிவைத்திருந்த இறால் வலை சுற்றிக்கொண்டிருந்தது.

படகில் எங்களோடு ஏறியிருந்த இன்னொருவர் திருப்பதிக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் தெலுங்கில், "கோசெய் பாபு," என்றார். வலையை அறுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்கிறார். காற்று ஏறிக்கொண்டிருந்தது, அவர் பயமும் நியாயம்தான்.

படகுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். கத்தியைத் தொடவில்லை. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவதென்று அவர்கள் ஊரில் முறை உண்டு. அதைப் பாடு என்கிறார்கள். முறைக்காரரின் வலையை அறுத்தவனுக்கு அந்தப் பருவம் முழுக்கப் பாடு கிடையாதாம்.

"நாளைக்கு என் பாடுண்ணா," என்றார் என்னிடம். "எத்தினி நாளா அதுக்குத்தான் காத்துக்கினு கீறேன்."

காற்று படகைத் தள்ளத் தள்ள, வலை கட்டிய கம்புகள் சாய ஆரம்பித்தன. அவர் தோளைக் கொடுத்துப் படகைத் தாங்கினார். என் மனைவி புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். என்னிடம் மோட்டாரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, தறிப் பாவு நூலில் சிக்கெடுக்கிற மாதிரி ஒவ்வொரு இழையாக உருவினாள். விசிறி கிழித்திருந்த இரண்டு இடங்களைத் தறியில் போடும் முடிச்சால் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே வலைக்காரர் தோணியில் வந்துவிட்டார்.

முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"வழிய உட்டு வந்துட்டேன் மாமா. தப்பு என்னுதுதான்," என்றார் படகுக்காரர். என் பேரை எடுக்கவே இல்லை.

கேட்டவன் நான் என்று நானே சொன்னேன். ஆனால் அதைச் சொல்லத் தாமதித்துவிட்டேன்.

வலைக்காரர் என்னைப் பார்க்காமலே, "நீ கேப்பே நைனா. ஏரி தெரிஞ்சவன் அவன்தானே?" என்றார். பிறகு படகுக்காரர் பக்கம் திரும்பினார். "அறுக்கல நீ. அதனால ஊர்ல சொல்லமாட்டேன். நாளைக்கு உன் பாட்டுல நானும் வரேன். இறால்ல பாதி எனக்கு."

படகுக்காரர் சாய்ந்திருந்த கம்பு ஒன்றை நிமிர்த்தி ஊன்றினார்.

"வா மாமா," என்றார்.

வழக்கமான வழி வந்து சேரும்வரை அவர் மோட்டாரைப் போடவில்லை. கம்பு ஊன்றித் தள்ளினார். நானும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன்.