அறுபத்து நான்காவது மிதி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு லிஃப்ட் அக்கா தன் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். பிறகு முன்சக்கரம். காற்று சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இரண்டையும் இன்னொரு முறை அழுத்துகிறார். சட்டையின் இடப்பக்கப் பையில் உப்புத் தடவிய அவித்த உருளைக்கிழங்கு இரண்டு. வலப்பக்கப் பையில் பென்சிலும் ஓர் அட்டைச் சீட்டும். ஐம்பத்து மூன்று வயது. "வா ரெக்கார்டு, வெயில் வர்றதுக்குள்ள காட்டுக்குள்ள போயிரலாம்" என்கிறார்.

ரெக்கார்டு என்பது நான்தான். பெரிய மருத்துவமனையின் ஐந்தாவது மாடியில், பதிவேட்டு அறையில் எனக்கு வேலை. அதே மருத்துவமனையில் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்டை இயக்குபவர் அக்கா. மூலையில் போட்ட முக்காலியில் வாரம் ஆறு நாள் உட்கார்ந்திருக்கிறார். "ஆறு நாளா உக்காந்த இடத்துலயே மேல போறேன். ஒரு நாளாவது என் காலால மேல போக வேண்டாமா?" என்பார். இன்றைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினீர்கள் என்று மாலையில் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. யாராவது அழுதுகொண்டே லிஃப்டுக்குள் வந்தால் மட்டும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்துவார்.

ஊரைச் சுற்றி மலை, மலையைச் சுற்றிக் காடு. அதற்குள் வளைந்து போகும் சாலைகளில் பதின்மூன்று வழிகளுக்கு அக்கா சீட்டு எழுதியிருக்கிறார். சைக்கிள் கடைச் சுவரில், ஆணிக்கு ஒன்றாக அவை தொங்குகின்றன. கிலோமீட்டர் என்ற சொல்லே அவற்றில் கிடையாது. எல்லாம் மிதிக்கணக்கு. வலது கால் ஒரு தடவை கீழே போய் வந்தால் ஒரு மிதி. 'மர ஆலையிலிருந்து பாலம் வரை முந்நூற்றுப் பன்னிரண்டு மிதி. பாலத்தில் பலகை வழுக்கும். அடுத்து ஏற்றம், மூச்சைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.' இது அவருடைய கால், அவருடைய சைக்கிள். மற்றவர்களுக்குப் பாலம் முன்னே பின்னே வரும். நான் ஆறு மிதிக்கு ஒரு மிதி கழித்துக்கொள்வேன். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் அந்தச் சீட்டைத்தான் படியெடுத்துப் போகிறார்கள். அக்கா 'தண்ணீர்' என்று எழுதிய இடத்தில் தண்ணீர் இருக்கும். 'நாய்' என்று எழுதிய இடத்தில் நாய் இருக்கும், சொன்ன நிறத்திலேயே.

அக்காவின் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கும் வேலையில் இருக்கிறார். அளவு என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க மாட்டார். "ஊரு உலகமெல்லாம் கிலோமீட்டர். இவளுக்கு மட்டும் மிதி" என்று என்னிடம் முறையிடுவார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "கிலோமீட்டருக்குக் கால் வலிக்குமா? மிதிக்குத்தான வலிக்குது" என்பார். இத்தனை நொட்டை சொல்கிற மனிதர் ஒரு ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டரில் மலையுச்சிக்குப் போய், ஃபிளாஸ்கோடு காத்திருக்கிறார். மனைவி மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் கேட்கும் கேள்வியும் மாறியதில்லை. "எங்க கால் ஊனின?"

அக்காவிடம் ஒரு கறாரான விதி உண்டு. கால் தரையைத் தொடாமல் அவரே ஏறி முடித்த வழிக்குத்தான் சீட்டு. அதனால்தான் பதினாலாவது ஆணி ஆறு வருஷமாக வெறுமனே இருந்தது. பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை அது. மலையின் கிழக்குப் பக்க வழிகளையும் மேற்குப் பக்க வழிகளையும் அது ஒன்றுதான் இணைக்கிறது. பத்து வளைவுகளை அக்கா ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. பதினோராவதில், வளைவு தொடங்கியதிலிருந்து எண்ணி அறுபத்து நான்காவது மிதியில், இடது கால் தானாக இறங்கிவிடும். அந்த இடத்தில் சாலையோரம் ஒரு தட்டையான கல். மழையில் போனாலும் பனியில் போனாலும் அதே அறுபத்து நாலு, அதே கல். "அந்தக் கல்லுக்கு என் செருப்பு அளவு தெரியும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

போன சனிக்கிழமை கடையில் பெரிய வாக்குவாதம். சீட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாக அச்சடிக்கிறார் கடைக்காரர். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"பதினோராவது வளைவுல இறங்கித் தள்ளவும்னு ஒரு வரி போட்டுருங்கக்கா. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"அப்ப பதினாலு இல்லாமத்தான் புஸ்தகம் வரும். அந்தப் பக்கம் ஏழு வழி, இந்தப் பக்கம் ஆறு. நடுவுல பாலம் இல்லாத ஆறு மாதிரி."

"நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல?"

பேசிக்கொண்டே கடைக்காரர் அக்கா சைக்கிளின் தேய்ந்துபோன முன்பக்கப் பல்சக்கரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். "இதுல பல்லு கம்மிக்கா. மிதிக்க லேசா இருக்கும். ஆனா அதே தூரத்துக்கு மிதி கூட விழும்" என்றார். கோபத்தில் இருந்த அக்காவின் காதில் அது ஏறவில்லை. "சரி சரி, மாட்டு" என்றார்.

மறுநாள் பத்து வளைவுகளையும் அக்கா எண்ணவே இல்லை. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஏறினார். நான் வழக்கம்போல எட்டாவது வளைவில் இறங்கிவிட்டேன். அதற்குமேல் அவர் மிதிக்கும் வேகத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாலே ஈடு கொடுத்துவிடலாம், அப்படிப்பட்ட ஏற்றம். இருபுறமும் மரங்கள் நெருக்கி நின்றன. ஈர இலைகளின் வாசனை. பதினோராவது வளைவு வந்ததும் திட்டு நின்றது. முன்சக்கரத்தின்மேல் பார்வையைக் குத்திக்கொண்டார். ஏற்றத்தில் அவர் தலை நிமிர்த்துவதே இல்லை. "மேல பாத்தா மலை பெருசாத் தெரியும்" என்பார். வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

ஐம்பதைத் தாண்டியதும் குரல் கம்மியது. அறுபதில் கைப்பிடி இடமும் வலமும் ஆடியது. அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. இடது கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு மிதித்தது.

"அறுபத்தஞ்சு! தாண்டிட்டேன் ரெக்கார்டு! கல்லத் தாண்டிட்டேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல் அவருக்கு முன்னால் இருந்தது. இன்னும் பத்து சைக்கிள் தூரத்துக்கு மேலே, பாசி பிடித்து, அவருக்காகவே காத்திருப்பதுபோல் கிடந்தது. பல்சக்கரம் மாறிய விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா தலை நிமிர்த்தாமல், சிரித்துக்கொண்டே எண்ணினார். ஆறு வருஷமாக அவரைக் கீழே இறக்கிய இடத்தை, ஏற்கெனவே ஜெயித்துவிட்டவரின் தெம்போடு மிதித்தார். அறுபத்தொன்பது, எழுபது. எழுபத்தொன்றில் கல் அவருடைய பெடலுக்கு நேராக வந்து பின்னால் போனது. நான் நடுச்சாலையில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

பன்னிரண்டாவது வளைவையும் அக்கா இறங்காமலே ஏறினார். உச்சியில் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். அக்கா அவரைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தார், நிறுத்த மனமில்லாமல்.

"எங்க கால் ஊனின?"

"எங்கயும் இல்ல!"

அவர் ஃபிளாஸ்க் மூடியைக் கீழே போட்டுவிட்டார்.

ஒருவழியாக இறங்கி அட்டையை எடுத்தார் அக்கா. பென்சில் பாதியில் நின்றது. "ரெக்கார்டு, கல்லு எத்தனையாவது மிதின்னு போடறது? அறுபத்து நாலுல நான் அதைப் பாக்கலையே."

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவருடைய சீட்டில் பொய் ஏறக்கூடாது. "அக்கா, அறுபத்து நாலுல கல்லு உங்களுக்கு முன்னாடி கிடந்துச்சு. எழுபத்தொண்ணுலதான் தாண்டினீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். குனிந்து புதுப் பல்சக்கரத்தைப் பார்த்தார். முகம் சுண்டியது. "அப்ப நான் தாண்டாமயே தாண்டிட்டேன்னு கத்துனேனா? பல்லு கம்மியானதாலதான் ஏறுனேனா?"

வீட்டுக்காரர்தான் பேசினார். மீட்டர் பார்க்கும் அதே குரலில்.

"கால் தரையில பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப என்ன பேச்சு? இருக்கறத எழுது." சற்று நிறுத்தி, விட முடியாமல், "கிலோமீட்டரா இருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "உங்க கிலோமீட்டர நம்பியிருந்தா இன்னைக்கும் கல்லு மேலதாங்க கால வெச்சிருப்பேன்!" சிரிப்பு அடங்குமுன்பே அட்டையில் எழுதினார்: பதினோராவது வளைவு. கல் வரை எழுபத்தொரு மிதி. ஏறலாம்.

இறங்கும்போது நான் பின்னால் வந்தேன். பதினோராவது வளைவில் அக்கா மெதுவாகப் பிரேக்கைப் பிடித்தார். சாலையின் மறுபக்கம் போய், சைக்கிளை மறுபடி ஏற்றத்தைப் பார்க்கத் திருப்பி, கல்லருகே சாய்த்தார். இடது காலைப் பெடலிலிருந்து எடுத்து, செருப்பின் அடியை ஒரு தடவை பார்த்துத் தட்டிவிட்டு, அந்தக் கல்லின்மேல் நிதானமாக ஊன்றினார். பிறகு பையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துக் கடித்தார்.