கடையில் வாங்கிய பிச்சி

விளாத்திகுளத்தில் அம்மா வீட்டுப் பிச்சிச் செடியில் பூப்பறித்ததோடு சரி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியவள் இல்லை நான். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தபோது, அதில் பதியம் போட்ட கன்று ஒன்றை அம்மாவே கொண்டுவந்து புறவாசலில் நட்டுவிட்டுப் போனாள். தொண்ணூறுகளின் கடைசி அது. அடுத்த வருஷமே அம்மா படுக்கையில் விழுந்தாள். என் செடியும் இலை பழுக்கத் தொடங்கியது.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். "செடி பூக்குதா?" என்பாள். படுத்துக் கிடப்பவளிடம் எப்படிச் சொல்ல? "நிறையப் பூக்குதும்மா" என்றேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் பிச்சி வாங்கிப்போய், நம்ம செடியில் பூத்தது என்று தலையணை அருகே வைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

வீட்டிலோ செடியோடு மல்லுக்கட்டினேன். மண் பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும் ஊரில், அரிசி களைந்தது, காய் கழுவியது எல்லாம் சேர்த்துவைத்து ஊற்றினேன். இலைகள் இன்னும் பழுத்தன. செடி மேலேயே எரிச்சல் வந்தது.

ஒருநாள் எதிர்வீட்டு அக்கா வேரோரம் குச்சியால் கிளறி முகர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, ஊத்தி ஊத்தியே வேர அழுக வச்சிட்டியே. கரிசல் மேலதான் வெடிக்கும், உள்ள சேறாக் கிடக்கும்."

அழுகிய வேரை நறுக்கிவிட்டு, குழியில் மணலும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து போட்டோம். பத்து நாளைக்கு ஒருமுறை, புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஒரு சிரட்டை. ஒரு மாதத்தில் துளிர்த்தது.

மொட்டு வைத்த வாரம் அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மதினியிடம் கடைப்பூ விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

"அத்தைக்கு முதல் வாரமே தெரியும். கடையில கட்டுன சரம்னு பாத்தாலே அவியளுக்குத் தெரியாதா?" என்றாள் மதினி. "'தண்ணிய ஊத்தி அழுக வச்சிருப்பா. மணலும் மோரும் போட்டாப் பிழைச்சுக்கிடும். அவளாக் கேட்டாச் சொல்லுதேன், நாமளாச் சொன்னா புள்ள கூசிப்போவா'ன்னு சொன்னாவ."

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அத்தனை ஞாயிறும் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.