மருமகனிடம் சொல்லாத வலி

இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் உள்ளே போனால் எங்கள் தோட்டம் வரும். அங்கே நான் ரப்பர் பால் வெட்டுகிறேன். என் மனைவி வீட்டு வேலைக்காகக் குவைத் போன பிறகு, லயத்து வரிசை வீட்டில் நானும் அவளுடைய அம்மாவும்தான் மிஞ்சினோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரே கூரைக்குள் பதினொரு வருஷம் இருந்தும் அத்தை என் எதிரில் உட்கார்ந்ததில்லை. நான் உள்ளே வந்தால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, சாப்பாடு இருக்குங்க" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்வார். அவரும் வேலையை விடும்வரை பால் வெட்டியவர்தான். மலையில் மற்றப் பெண்களோடு அவர் சத்தமாகச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்டதில்லை.

முதலில் அவருடைய கண்தான் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. கையைச் சொறிந்து சொறிந்து தோல் கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கணையத்தில் கட்டி, புற்றுநோய், வெட்டியெடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது என்றார்கள். கட்டி பித்தக் குழாயை நெரிப்பதால்தான் மஞ்சளும் அரிப்பும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். கொழும்புக்கு அனுப்பி, வாய் வழியாகக் கருவியை இறக்கி, அந்தக் குழாய்க்குள்ளே ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் குழாயை வைத்தார்கள்.

இரண்டு கிழமைக்குள் மஞ்சள் இறங்கிவிட்டது. அரிப்பு நின்றது. லயத்தில் எல்லாரும் சுகமாகிவிட்டது என்றார்கள். அத்தை தலையை வாரி, போனில் மகளுக்கு முகத்தைக் காட்டினார். "பாரு, கண்ணு வெள்ளையாயிருச்சு. நீ ஒண்ணும் யோசிக்காத." நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஆனால் அத்தை படுப்பதை விட்டுவிட்டார். பகலில் நான் மலையிலிருந்து வரும்போது, கட்டில் ஓரத்தில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையணையை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எழும்போது முகம் சுருங்கும். சாப்பிட்டேன் என்பார். சோறு பக்கத்து வீட்டு நாய்க்குப் போயிருக்கும்.

"வலிக்குதா அத்தை?"

"இல்லீங்க மாப்பிள்ளை. சும்மா வாய்வு."

எத்தனை தடவை கேட்டாலும் வாய்வுதான். மருமகனிடம் வயிற்றைப் பற்றி ஒரு பெண் எப்படிப் பேசுவது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அதற்கு மேல் கேட்கக் கூச்சம்.

இரத்தினபுரி கிளினிக்கில் டாக்டர் கேட்டபோதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்றார். நான் வெளியே வந்து, மருந்து கொடுக்கும் நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னேன்: இவங்க படுக்கிறதில்லை, சாப்பிடுறதில்லை, நான் இருந்தா உண்மையைச் சொல்ல மாட்டாங்க. அந்த நர்ஸம்மா எழுந்து, அத்தையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"ரிதெனவத அம்மே?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. வலிக்குதா அம்மா என்று.

பிறகு அத்தை சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். வயிற்றின் மேல்பக்கம் தொடங்கி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிறது. மல்லாந்தால் உயிர் போகிறது, குனிந்தால் கொஞ்சம் தேவலை. சாப்பிட்டால் கூடுகிறது, அதனால்தான் சாப்பிடுவதில்லை. மகளுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள். மருமகன் பாவம், விடியற்காலையில் மலைக்குப் போகிறவர், அவருக்கு ஏன் இதெல்லாம். பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டேன். பதினொரு வருஷத்தில் அத்தை அவ்வளவு நேரம் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். குழாய் வைத்தது பித்தம் இறங்குவதற்கு. வலி கட்டியினால் வருகிறது, அதற்குத் தனியாக மருந்து வேண்டும் என்று மோர்பின் எழுதினார். பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டேன். அது சாகப் போகிறவர்களுக்குக் கொடுப்பது என்று லயத்தில் சொல்வார்கள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சாவுக்குக் குடுக்கிற மருந்து இல்லை, மகன். வலிக்குக் குடுக்கிறது. வலி வந்த பிறகு மருந்தைத் தேடாதீங்க. வலிக்கு முன்னாடி மணி பார்த்துக் குடுங்க."

முதல் மூன்று நாள் அத்தை தூங்கித் தூங்கி விழுந்தார். பயந்துபோய் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். கூப்பிட்டால் கண் திறந்து பேசினால் பயமில்லை, பழகிவிடும் என்றார்கள். அப்படியே பழகியது. காலை ஆறு மணி மருந்தை நான் கொடுத்துவிட்டு மலைக்குப் போவேன். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொடுப்பார். இரண்டு மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் மறுபடி நான். தட்டு நிறையப் போடாமல், நாலு வாய் நாலு வாயாகக் கஞ்சியும் பிசைந்த சோறும் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அத்தை ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மருந்து மலத்தைக் கட்டும், இந்தச் சிரப்பையும் தினமும் கொடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். போகிறதா இல்லையா என்று கேட்கும் பொறுப்பை அக்காவிடம் விட்டிருந்தேன். அக்கா ஒரு கல்யாணத்துக்காகக் கொடகவெல போய் ஐந்து நாள் தங்கிவிட்டார். நாலாம் நாள் அத்தை மருந்தைத் தொட மறுத்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஏன் என்று கேட்டேன். கஞ்சியை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சின்னக் குரலில், வெளிக்குப் போய் நாலு நாளாகிறது என்று சிங்களத்தில் சொன்னார்.

நானும் சிங்களத்திலேயே, "சரி அம்மே, இப்பவே கிளினிக்ல கேட்கிறேன்" என்றேன். சிரப்பைக் கூட்டச் சொன்னார்கள், மலவாயில் வைக்கும் மாத்திரையும் தந்தார்கள். அதை எப்படி வைப்பது என்று நான் விளக்கியதும் சிங்களத்தில்தான். சாயங்காலம் சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் அத்தை தேத்தண்ணியை ஊற்றி, கதவு மறைவுக்குப் போகாமல், என் கையிலேயே கொடுத்தார்.

அதற்குப் பிறகு உடம்பு விஷயமெல்லாம் எங்களுக்குள் சிங்களம், மற்றதெல்லாம் தமிழ். யாரும் வகுத்ததில்லை, அப்படி ஆகிவிட்டது. ஒரு பகல் அவருக்குக் குளிர் எடுத்துப் பல் கிட்டியபோதும், முதலில் மஞ்சளானபோது போல மூத்திரம் மறுபடி கறுத்திருக்கிறது என்று அவரே சொன்னார். காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். த்ரீவீல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். குழாய் அடைத்திருந்தது. மருந்தேற்றி, கொழும்பில் புதுக் குழாய் மாற்றி, பத்து நாளில் திரும்பி வந்தோம். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர்.

அதன் பிறகுதான் நான் மனைவியிடம் நோயைப் பற்றிய முழு உண்மையையும் சொன்னேன். ஏன் மறைத்தீர்கள் என்று போனில் அழுதாள், ஏசினாள். அந்த ஏச்சு எனக்குத் தேவைதான். வேலை செய்த வீட்டில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அம்மாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு மருந்து கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள். நான் மறுபடி வாசலுக்குப் போய்விட்டேன். அதுதான் அத்தைக்கும் நிம்மதி. மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு காலையில், மகள் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அத்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், மிஞ்சிய மாத்திரைகளைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே மனைவி கேட்டாள்.

"நான் இல்லாத நேரம் அம்மா ரொம்ப வலியில கெடந்தாங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஆரம்பத்துல கெடந்தாங்க. சொல்லவும் இல்ல, எனக்குப் புரியவும் இல்ல. பிறகு அவ்வளவு இல்ல. தூங்குனாங்க, கஞ்சி குடிச்சாங்க. அக்காகூட ஒரு நாள் சத்தமா சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க."

"எதுக்குச் சிரிச்சாங்க?"

"தெரியல. நான் உள்ள போகல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும் வரைக்கும் விடவில்லை.