ஸ்டெல்லா எண்ணிய புள்ளிகள்

ஸ்டெல்லா போய்விட்டாள் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை, ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு வந்தது. ரிசீவரை வைத்த பிறகும் பாக்டீரியா வளர்க்கும் எங்கள் பழைய இன்குபேட்டரின் ரீங்காரம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்பத்தூர் ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது.

எண்பதுகளில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. கரையோரம் எண்ணெய் கசிந்து கலந்த கடல்நீரில் மரபணுவை மாற்றும் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சத்து இல்லாமல் வளராத பாக்டீரியாவை அந்த நீரோடு, அந்தச் சத்து இல்லாத தட்டில் பரப்புவோம். மரபணு மாறியவை மட்டும் இரண்டு நாளில் கசகசா அளவு புள்ளிகளாக முளைக்கும். நல்ல நீரில் கொஞ்சம், கெட்ட நீரில் நிறைய. ஸ்டெல்லா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு தூக்கத்தில் பேசுபவள் போல எண்ணுவாள். "அவசரப்பட்டா புள்ளி ஒளிஞ்சிக்கும்" என்பாள்.

முதல் நாளே கரையில் ஒரு மீன்கார அம்மா எங்களை நிறுத்தினார். "இன்னாம்மா, இந்த மீன புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, வாணாவா?"

"பாத்துட்டு நானே வந்து சொல்றேங்க்கா" என்றாள் ஸ்டெல்லா.

கட்டுமரம் என்றால் எனக்குப் பயம். அடம்பிடித்து அவளை டீசல் படகில் ஏற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் படாத தொலைவில் எடுக்க வேண்டிய நல்ல நீரை, எஞ்சின் பக்கமே குனிந்து மொண்டதும் நான்தான். இரண்டு நீரிலும் புள்ளிகள் ஒரே அளவு முளைத்தன. மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம்.

"வித்தியாசமே இல்லையேம்மா. தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிடுங்க."

"இல்ல சார். நல்ல தண்ணியில படகு எண்ணெய் கலந்துடுச்சி. திரும்பப் போவணும்."

"யார் பண்ண வேலை இது?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் நோட்டில் எழுதினாள்: 'எங்கள் தவறு.'

அடுத்த முறை கட்டுமரம். கண்ணை மூடி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கடல் எங்களைத் தொட்டிலில் போட்டதுபோல் ஆட்டியது. பயம் எப்போது போனதென்று தெரியவில்லை.

இந்த முறை நல்ல நீரின் தட்டுகளில் கொஞ்சம்தான்; எண்ணெய் நீரின் தட்டுகள் முழுக்கப் புள்ளிகள். ஸ்டெல்லா இரண்டு பஸ் மாறிக் கரைக்குப் போனாள். நானும் போனேன்.

"வேணாங்க்கா" என்றாள்.

அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தார். "சொல்றேன்னு போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லம்மா" என்றார்.

அந்தத் தவறு என்னுடையது மட்டும்தான். அவள் இருந்தவரை யாரிடமும் நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அவள் எழுதிய 'எங்கள்' என்ற சொல்லில் இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.