பற்றரித் துவக்கு ஏன் சுடவில்லை

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பாட்மென்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், ரேடியோப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. என் கண்ணெல்லாம் பழுதுபார்க்கும் மேசையில்தான். அங்கே ஓர் இடம் காலியானதும் நான் போய்க் கேட்டேன். "இதைத் திருத்திக் காட்டு, பார்க்கலாம்" என்று சுப்பவைசர் ஒரு வெள்ளிக்கிழமை தன்னுடைய விளையாட்டுத் துவக்கைத் தந்தார். பற்றரியில் ஓடி வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகளைத் துப்பும் துப்பாக்கி. மூன்று மாதமாகச் சுடவில்லையாம்.

செத்துக் கிடக்கிற சாமானைக் கண்டால் என் கை சும்மா இராது. ஞாயிறு காலை குசினி மேசையில் பேப்பரை விரித்து, ஸ்குறூக்களைக் கழற்றி அடிக்கட்டையைத் திறந்தேன். மீற்றரை வைத்தால் பற்றரியில் கரண்ட் இருந்தது, மோட்டருக்கு வரவில்லை. வழியில் எங்கே மாட்டுப்பட்டது? வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். விரல் நகமளவு ஃபியூஸ் ஒன்று கருகிக் கிடந்தது. ஊரில் செய்கிறமாதிரி, வயரிலிருந்து ஒற்றை இழையை உருவி அதன்மேல் சுற்றினேன். விசையை இழுத்ததும் டர்ரென்று காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியில் ஓட்டை!

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ!"

என் மனுசன் வந்து துவக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கெட்டிக்காரிதான்" என்று மேசையில் வைத்தார். எங்களுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்தவர் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார்.

கை கழுவிவிட்டு வந்து இழுத்தேன். விசை அசையவில்லை. இதென்ன கோதாரி! திறந்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. மூடினேன், சுட்டது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால் மறுபடியும் சுடவில்லை. இப்படி நாலு தரம். பிறகுதான் துவக்கின் பக்கவாட்டில், விசையை அசையவிடாமல் தடுக்கும் சின்னப் பூட்டைக் கண்டேன். ஒவ்வொரு தரமும் திறக்கும்போது என் கை பட்டு அது விலகியிருக்கிறது. சரி, பூட்டியது ஆர்?

"நான்தான்" என்றார் அவர், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே. "நீர் வைச்சிட்டு எழும்பிப் போறபோதெல்லாம் பூட்டினன். துவக்கைக் கீழ வைக்கேக்க பூட்டித்தானே வைக்கிறது."

"சங்கக்கடையில ஆர் உங்களுக்குத் துவக்குத் தந்தது?"

கத்தி நின்றது. "ஒரு இயக்கத்தில ரெண்டு வரியம் இருந்தனான். கை தன்ரபாட்டில பூட்டிப்போட்டுது. சொல்லியிருந்தா நீர் கலியாணத்துக்கு ஓமெண்டிருப்பீரோ?"

"கேட்டுப் பாத்திருக்கலாமே!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயமும் வந்தது. அவருடைய அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. இயக்கத்தில் இருந்தது வெளியே தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சுப்பவைசர் அட்டைப் பெட்டியில் சுட்டுப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். பிறகு ஸ்குறூக்களைப் பார்த்தார். தலையெல்லாம் தேய்ந்திருந்தது.

"ஒரு ஃபியூசுக்கு இத்தனை தரம் ஏன் திறந்தாய்?"

"பூட்டியதும் நான்தான், பூட்டு இருப்பது தெரியாமல் திறந்ததும் நான்தான்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பூட்டைக்கூடக் காணாதவள் என்று பழுதுபார்க்கும் மேசை வேறொருத்திக்குப் போனது. பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது.

"என்னவாம்?" என்று என் மனுசன் வாசலிலேயே கேட்டார்.

"கிடைக்கேல்லை. பூட்டினது நான்தானெண்டு சொல்லிப்போட்டன்."

அவர் என் கைப்பையை வாங்கி வைத்தார். நான் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"இருங்கோ" என்றேன். "முதல்ல இருந்து சொல்லுங்கோ. எத்தினை வயசில இயக்கத்துக்குப் போனனீங்கள்?"