பாடு நாளில் அணைந்த விளக்கு

பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு ஒரு கட்டுரைக்காக. தலைப்பு 'எரிபொருளைச் சேமிப்போம்'. அதைத் திருடிய மண்ணெண்ணெயின் வெளிச்சத்தில் எழுதினேன். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் வேடிக்கையான கதைதான். கல்லூரியில் சக ஆசிரியர்களிடம் ஓரிரு முறை அப்படி நிறுத்திச் சொல்லிச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன். மிச்சத்தை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மிச்சத்தில் ஒருவருடைய கை போயிற்று, இன்னொருவருடைய பிழைப்பு போயிற்று. இருவரும் இப்போது உயிரோடு இல்லை.

அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றிய காலம் அது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் குப்பம் பழவேற்காட்டை ஒட்டி, ஏரிக் கரையில் இருந்தது. மின்சாரம் இன்னும் வரவில்லை. அடுப்புக்குச் சவுக்குத் தோப்பில் மிலாறு, சுள்ளி கிடைக்கும். விளக்குக்கு ரேஷன் மண்ணெண்ணெயை விட்டால் வேறு வழியில்லை. கிருஷ்ணாயில் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். அதை ஊற்றிக் கொடுத்தவர் பழவேற்காட்டுக் கடைக்கார பாய். அவருடைய முன்னோர்கள் கப்பலில் துணி ஏற்றி அனுப்பியவர்கள் என்று சொல்வார்கள். கப்பல் போய், கிடங்கு போய், கடைசியில் அவர் கைக்கு ஒரு தகரப் பீப்பாயும் ஒரு லிட்டர் அளவையும் வந்து சேர்ந்திருந்தன.

அந்தக் கடை வரிசையில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். பெண்கள் அவரை விட மாட்டார்கள்.

"இன்னா பாய், போன மாசம் ரெண்டு லிட்டரு, இந்த மாசம் ஒண்ணு. அடுத்த மாசம் மோந்து பாத்துட்டுப் போகச் சொல்வியா?"

"நான் இன்னாம்மா பண்றது? அரபிக்காரன் குழாய மூடிட்டான்."

"அவன் உன் சொந்தக்காரன்தான? ஒரு கடுதாசி போடேன்."

"போட்டேன். ஸ்டாம்பு ஒட்டலன்னு திருப்பி அனுப்பிட்டான்."

வரிசை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே, அளவையில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டு விழும்வரை புனலுக்குமேல் கவிழ்த்துப் பிடித்திருப்பார்.

அதே ஆண்டில்தான் ஜப்பானில் இறாலுக்குக் கிராக்கி என்று மெட்ராஸ் கம்பெனி ஆட்கள் ஐஸ் பெட்டிகளோடு எங்கள் கரைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். "எண்ணெய ஒர்த்தன் புடிச்சு வச்சிக்கிறான், இறாலுக்கு ஒர்த்தன் அலையறான். ரெண்டு பேரும் யாருன்னே நமக்குத் தெரியாது. நடுவுல நம்ம ஊட்ல விளக்கு எரியல" என்று என் அப்பா சொல்வார். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பின்னாளில் நான் பொருளாதாரம் கற்பிக்கும் வேலைக்குப் போனேன். அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு அந்தக் காலத்தை விளக்கியதில்லை.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நிறைய ஓடும் இடங்கள் சில உண்டு. அங்கே யார் என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்கு ஊர் ஒரு முறை வைத்திருந்தது. அதற்குப் பாடு என்று பெயர். ஒரு குடும்பத்துக்குப் பாடு வந்துபோனால் மறுபடி வர நாளாகும். தண்ணீர் கடலுக்கு வடியும்போது இருட்டில்தான் இறால் ஓடும். ஏரிக்குள் கழிகளை ஊன்றி, சுற்றிலும் வலை கட்டி, அதை மறிக்க வேண்டும். பாடு கிடைத்தவர்கள் வெளிப்பக்கக் கழியில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவது கட்டாயம். முகத்துவாரம் வழியாகப் போகும் படகுகள் அதைப் பார்த்து விலகிப்போகும். விளக்கில்லாத கழியில் படகு மோதினால் படகுக்காரன்மேல் குற்றமில்லை. அது ஊர்க் கட்டுப்பாடு.

ஆகவே ரேஷன் குறைந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே ஏற்பாடுதான் நடந்தது. பாடு நாளுக்கான எண்ணெயைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது கழுத்தில் கயிறு கட்டிய பழுப்பு நிறப் பாட்டிலில் சுவரோரம் ஆணியில் தொங்கியது. மீதி எண்ணெயில் சிம்னி விளக்கு எரியும். சாப்பிட்டு முடித்ததும் அம்மா அதையும் ஊதி அணைத்துவிடுவாள்.

அப்போதுதான் பள்ளியில் கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான போட்டி. உலகத்தில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது, மாணவர்கள் நாட்டுக்கு வழிகாட்ட வேண்டும் என்றார் ஆசிரியர். நான் வழிகாட்ட முடிவு செய்தேன். எனக்கு எழுத வரும் என்பது அப்போதே எனக்குத் தெரியும். நான் எழுதியதைத் திருப்பித் திருப்பி எழுத ஆசைப்படுகிறவன் என்பதும், அதற்கு வெளிச்சம் போதாது என்பதும்தான் சிக்கல்.

ஒரு மத்தியானம் அம்மா மீன் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தபோது, ஆணியில் இருந்த பாட்டிலை இறக்கி, காலி மைப் புட்டி ஒன்றில் எண்ணெயை ஊற்றிக்கொண்டேன். விடியும் முன்பு எல்லோரும் கரைக்குப் போன பிறகு, சிம்னி விளக்கில் அதை ஊற்றி எழுதினேன். ஒரு புட்டி போதவில்லை. மறுபடி ஊற்றினேன். பிறகு மறுபடியும். பாட்டிலில் மட்டம் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்ததும் பயம் வந்தது. குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து அந்தக் குறையை நிரப்பினேன்.

நான் விவரம் தெரியாமல் அதைச் செய்யவில்லை. எண்ணெய் நீரைவிட லேசானது என்று அறிவியல் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தண்ணீர் அடியில் போய்ப் படிந்துகொள்ளும், எண்ணெய் மேலே நிற்கும், எரிய வேண்டியது எரியும் என்று கணக்குப் போட்டேன். படிக்காத பிள்ளை அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டான். விளக்கின் திரி அடியிலிருந்துதான் உறிஞ்சும் என்பது எங்கள் குப்பத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். பாடத்தை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை.

எங்கள் பாடு வந்தது. சாயங்காலம் சித்தப்பா அரிக்கேன் விளக்கைத் துடைத்து, பாட்டிலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அதற்குள் கவிழ்த்தார். அவர் நைனாவின் தம்பி. கழி ஊன்றுவதில் அவருக்கு ஈடு எங்கள் கரையில் கிடையாது. நான் கட்டுரையை நல்ல தாளில் படியெடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா வாத்தியாரே, கிருஷ்ணாயில மிச்சம் புடிக்க வழி கண்டுபுடிச்சிட்டியா?"

"கண்டுபுடிச்சிட்டேன்."

"இன்னா வழி?"

"தேவையில்லாதப்ப விளக்க அணைச்சிடணும்."

"அடேங்கப்பா. இத உங்கம்மா தெனமும் பண்ணிக்கினுதான கீது. அதுக்குப் பரிசு குடுக்க மாட்டாங்களா?" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார். பாட்டிலைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படியெடுத்து முடிக்க இரண்டு பக்கம் பாக்கியிருந்தது.

காலையில் அவரைத் தோணியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து, படபடத்து அணைந்திருக்கிறது. அதை ஏற்றுவதற்காகச் சித்தப்பா நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கிப் போயிருக்கிறார். வலது கையால் கழியைப் பற்றிக்கொண்டு நின்ற நேரத்தில், கடலுக்குப் போன கனத்த படகு ஒன்று வடியும் தண்ணீரின் வேகத்தோடு வந்து மோதியது. படகுக்கும் கழிக்கும் நடுவில் முழங்கைக்கு மேல் எல்லாம் நசுங்கியிருந்தது. துணி சுற்றி, பொன்னேரிக்கு பஸ் ஏற்றினார்கள். அங்கிருந்து மெட்ராஸுக்கு. கையை எடுத்துவிட்டார்கள்.

பஸ் போன பிறகு நைனா கரையிலேயே உட்கார்ந்து, அரிக்கேன் விளக்கின் மூடியைத் திருகி மணலில் கவிழ்த்தார். முதலில் எண்ணெய் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ரேஷன் எண்ணெயில் தண்ணீர் என்றால் யார் ஊற்றியிருப்பார்கள்?

பாயைக் கடையிலிருந்து கூட்டிவந்தார்கள். சட்டைக்குமேல் கட்டியிருந்த எண்ணெய்க் கறைத் துணியைக்கூட அவிழ்க்க விடவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சுமத்தப்பட்டவன் ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று 'இல்லை' என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் அவனை யாரும் கேட்கக் கூடாது. சோறு போடுகிற தண்ணீரில் நின்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது நம்பிக்கை. சொல்ல மறுத்தால் குற்றம் முடிவாகிவிடும்.

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தயங்காமல் இறங்கினார்.

"சொல்லு பாய்," என்றார் ஊர்த் தலைவர். "உன் எண்ணெயில தண்ணி இல்லன்னு சொல்லு. போயிடு."

"நான் கலக்கல. அல்லா மேல ஆணையா நான் கலக்கல."

"அத கேக்கல. உன் எண்ணெயில தண்ணி இல்லன்னு சொல்லு."

"பீப்பா வெளியூர்லேந்து சீல் வச்சு வருது. உள்ள இன்னா இருந்துதுன்னு நான் எப்படிங்க சொல்றது? தெரியாதத தண்ணில நின்னுக்கினு சொல்லக் கூடாது."

"உன் அரபிக்காரனக் கேட்டுச் சொல்றியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். அதற்கு இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பாய் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஊட்டுக்குப் போனப்புறம் அந்தப் பாட்டில வேற யாராச்சும் எடுத்தாங்களான்னு ஒரு தபா கேட்டுப் பாருங்க. அவ்ளோதான் நான் சொல்றது."

"என் ஊட்ல யாரு எடுப்பாங்க?" என்றார் நைனா. "இருக்கறது ஒரே புள்ள. அதுவும் படிக்கற புள்ள."

நான் நைனாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என் தோளில் கை வைத்திருந்தார்.

பாய் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அப்படியே நின்றார். தலைவர் மறுபடி கேட்டதற்கும் பதில் இல்லை. கடைசியில் நைனா என் தோளிலிருந்து கையை எடுத்து, தண்ணீரில் இறங்கிப் போய், அவரைக் கன்னத்தில் அறைந்தார். நைனா அதற்கு முன்பும் பின்பும் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அதன்பின் மற்றவர்களும் இறங்கினார்கள்.

ஊரே சேர்ந்து புகார் கொடுத்ததில் கடையின் ரேஷன் உரிமை வேறொருவர் கைக்குப் போயிற்று. பாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு நெல்லூர்ப் பக்கம் உறவினர்களிடம் போனார். அங்கே மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறார் என்று கேள்விப்பட்டோம். சில ஆண்டுகளில் இறந்துபோனார் என்றும் கேள்விப்பட்டோம்.

எனக்குப் பரிசு வந்தது. பொன்னேரியில் விழா. சித்தப்பா வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தார். என் பெயரைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவர் இருந்த ஒரு கையால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

அவர் கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தார். சித்தப்பாவை இப்படி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. முதலில் அடிக்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு நைனாவை நினைத்துச் சொல்லவில்லை. பிறகு என் வேலையை, பெயரை நினைத்து. பிறகு சொல்வதற்கு யாரும் இல்லை.

இன்று குப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் மின்விசிறி சுற்றுகிறது. ஏரிக்குத் தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகின்றன. வலையில் இறால் குறைந்துபோனதற்கு அவைதான் காரணமா என்று கரையில் வாக்குவாதம் நடக்கிறது. எந்த நாடு எவ்வளவு எரிக்கலாம் என்று உலகம் கூடிப் பேசுகிறது. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் எண்ணெய் நெருக்கடி பற்றிய பாடம் வரும். எங்கோ முடிவாகும் விலைக்கு இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் அடி வாங்குவான் என்று சொல்லிக்கொடுப்பேன். மாணவர்கள் உதாரணம் கேட்டால் வேறு ஊர்களைச் சொல்வேன்.

பாய் தண்ணீரில் வாயைத் திறக்காமல் நின்ற அந்த நேரத்தை நான் வெகுகாலம் எனக்கு வசதியாகவே வைத்திருந்தேன். அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது, பீப்பாயிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்திருக்கும், என்னுடையது மட்டுமில்லை என்று சொல்லிக்கொள்வேன். அவர் பயத்தில் பேச்சு வராமல் நிற்கிறார் என்றே கரையில் நின்ற பையன் நினைத்தான். அந்த முகத்தில் பயம் இல்லை என்பது இப்போது தெரிகிறது. பாட்டிலை யாராவது எடுத்தார்களா என்று கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவர் சொல்வதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.