பாதத்தில் விழுந்த அடி

எங்கள் தீவில் பூர்வகுடிகளின் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், வீட்டில் சந்தேகம் சளி மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொண்டது. கொண்டுவந்தவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். கனடா போக மனுப் போட்டுவிட்டு, பா என்ற ஊரில் எங்களோடு தங்கியிருந்தார். நேற்றுவரை கூடச் சேர்ந்து கரும்பு வெட்டிய கைவீத்திக்காரர்கள், அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகள், சும்மா சிரித்தால்கூட, "ஏன் சிரிக்கிறான், தெரியுமா?" என்பார். எனக்கு ஏழு வயது. தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று நம்பினேன்.

அந்தச் சமயம் பார்த்துத் தம்பி ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டான். லவுத்தோக்கா ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை என்று அப்பா சொன்னார். நான் மாங்காயை நினைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பழக்கமான டாக்டர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தார். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு கைவீத்தி நர்ஸ்தான் இருந்தாள், நல்ல தாட்டியான பெண்.

ஒரு மத்தியானம் மாமாவும் நானும் அங்கேயே படுத்திருந்த அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனோம். வழியில் சிப்பாய்கள் சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் மாமா வராந்தாவில் யாரிடமோ விசா விவரம் விசாரிக்க நின்றுவிட்டார். நான் ஜன்னலில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தேன். நர்ஸ் பெட்டிக்குள் கையை விட்டாள். என் கட்டைவிரல் அளவே இருந்த தம்பியின் பாதத்தில் விரலால் சுண்டினாள். தம்பி துடித்து அழுதான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சுண்டினாள், பாவி!

ஓடிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அவ தம்பிய அடிக்கிறா!"

அவருக்கு அது போதும். உள்ளே பாய்ந்து, பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். "எங்க புள்ள மேல இனிமே கை வச்சே, பாத்துக்கோ!" என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், விடவில்லை. பக்கவாட்டில் நுழையப் பார்த்தாள், அதற்கும் விடவில்லை. அவள் கண் மட்டும் மாமாவின் தோளுக்கு மேலாகப் பெட்டியிலேயே இருந்தது.

ஜன்னல் வழியாக எனக்குத் தம்பி நன்றாகத் தெரிந்தான். அசையாமல் கிடந்தான். உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. அப்பாடா, அடி நின்றதும் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன். எனக்கு ஒரே பெருமை.

வார்டிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்த அம்மா வாசலிலேயே அலறினாள். "மூச்சு விட மறந்துட்டான் அண்ணே, நகரு! சுண்டினாத்தான் அவனுக்கு நெனப்பு வரும்!" பிறகு நர்ஸைப் பார்த்து இந்தியில், "மாரோ சிஸ்டர், மாரோ!" என்றாள். அடி, அடி என்று.

நர்ஸ் மாமாவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் பாதத்தைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள், மறுபடியும் சுண்டினாள். கடைசியில் தம்பி பூனைக்குட்டி மாதிரி அழுதான். அம்மா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அம்மாவிடம் போகவில்லை. தம்பியை அடிக்கச் சொன்னவள் அவள்தானே! அம்மாவையும் அவர்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அன்று அவள் ஊட்ட வந்த சோற்றுக்கு நான் வாயே திறக்கவில்லை.